மூன்று டன் உதையும் மட்டாஞ்சேரியின் ஈரமும்

1821, 1822 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கொச்சித் துறையில் கட்டப்பட்ட மூன்று கப்பல்கள் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தன. பின்னாளில் அலிகேட்டர், சமராங், ஹெரால்ட் என்ற பெயர்களில் அவை அறியப்பட்டன. மூன்றும் தேக்குக் கப்பல்கள். கட்டி முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் பசிபிக் கடலில் தீவு தீவாக அளந்து வரைபடம் எழுதிக்கொண்டிருந்தது ஹெரால்ட். அடுத்த நூற்றாண்டில், 1907-ல், கொச்சி மன்னர் பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு ஒரு டிராம்வே போட்டார். மலையிலிருந்து தேக்கும் ஈட்டியும் அதில் இறங்கி வந்தன. அரை நூற்றாண்டுக்கும் மேல் அந்த வண்டி ஓடியது. இப்படிப்பட்ட ஊரில் எந்தச் சாமானுக்கு மரம் வேண்டும் என்று கேட்டாலும் முதலில் வரும் பதில் தேக்கு, இரண்டாவது ஈட்டி. கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரியின் பழம்பொருள் கடைகளில் இடித்த தறவாட்டு வீடுகளின் உத்தரங்களும் தூண்களும் கதவுகளும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நூறு ஆண்டு காய்ந்த வைரம் பாய்ந்த மரம். உடைந்த துப்பாக்கிக் கட்டைக்கு மாற்றாக இதில் ஒரு துண்டைக் கடைந்துகொள்ளலாமே என்று தோன்றுவது இயல்பு.

சிறிய துப்பாக்கிக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். யானைக்கும் காட்டெருமைக்கும் என்று செய்யப்பட்ட பெரிய ரைஃபிளுக்கு அது சரியில்லை. ஏன் என்று பார்க்கப் போனால் மரத்தைப் பற்றியும் விசையைப் பற்றியும் கொச்சியின் காற்றைப் பற்றியும் நிறையத் தெரிந்துகொள்ள நேரும். இந்த அத்தியாயம் அதற்காகத்தான்.

அந்த ரைஃபிள்கள் இங்கே எப்படி வந்தன என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணன் தேவன் மலைகளிலும் நெல்லியாம்பதியிலும் வயநாட்டிலும் தோட்டம் போட்ட துரைமார்களும், சமஸ்தானத்து அரச குடும்பத்தினரும், வனத்துறை அதிகாரிகளும் அவற்றை வாங்கினார்கள். 1907-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு .450 அளவுத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடை செய்தது. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கியின் தோட்டாவும் அதே அளவு என்பதால், அது கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் உடனே .465, .470, .475 என்று அளவை ஒரு நூலிழை மாற்றிப் புதிய தோட்டாக்களைச் செய்தன. 1911-ல் .416 ரிக்பியும் 1912-ல் .375 எச் அண்ட் எச் மேக்னமும் வந்தன. இந்தியாவின் காடுகள் உலகத் துப்பாக்கித் தொழிலின் போக்கையே திருப்பிய காலம் அது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் தென்னிந்தியக் காடுகளில் .405 வின்செஸ்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்தது. முடிந்ததும் நல்லதே. இன்று மூணாறு பக்கம் முரட்டு யானை ஒன்றை அப்புறப்படுத்த வேண்டுமென்றால் மயக்க ஊசித் துப்பாக்கியோடுதான் போகிறார்கள். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற யானையைச் சின்னக்கானலிலிருந்து அப்படித்தான் கொண்டுபோனார்கள். ஆனால் பழைய ரைஃபிள்கள் உரிமத்தோடு குடும்பங்களில் இருக்கின்றன. அவற்றின் இரும்பு நூறு ஆண்டைத் தாண்டியும் நன்றாக இருக்கிறது. உடைவது கட்டைதான்.

துப்பாக்கி சுடும்போது என்ன நடக்கிறது என்பதை எண்களால் பார்க்கலாம். .375 மேக்னத்தை எடுத்துக்கொள்வோம். குண்டின் எடை ஏறத்தாழ 19 கிராம். குழலை விட்டு வெளியே வரும்போது அதன் வேகம் நொடிக்கு சுமார் 770 மீட்டர். இதோடு நாலைந்து கிராம் வெடிமருந்து வாயுவாகிக் குண்டைவிட இன்னும் வேகமாகப் பீறிட்டு வருகிறது. முன்னே போகும் உந்தம் எவ்வளவோ, பின்னே வரும் உந்தமும் அவ்வளவே. இது நியூட்டனின் மூன்றாம் விதி. 4 கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள ரைஃபிள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கிப் பாய்கிறது. அதன் ஆற்றல் சுமார் 55 ஜூல். பழைய போலீஸ் .303 ரைஃபிளின் உதையைப் போல மூன்று மடங்கு. இது தோளுக்குத் தெரிகிற கணக்கு.

கட்டைக்குத் தெரிகிற கணக்கு வேறு. குண்டு குழலுக்குள் இருப்பது ஒன்றரை மில்லிநொடி அளவுதான். அந்த நேரத்துக்குள் வாயுவின் அழுத்தம் 4,000 பார்களைத் தொட்டு இறங்குகிறது. குழல் துளையின் பரப்பு சுமார் 72 சதுர மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் உச்ச விசை ஏறக்குறைய மூன்று டன். இந்த மூன்று டன் முதலில் தள்ளுவது இரும்பை. இரும்போ கட்டையில் இரண்டு மூன்று திருகாணிகளால் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கிறது. கட்டையையும் தன்னோடு பின்னால் இழுத்துப் போக, குழல் தொடங்கும் இடத்துக்கு அடியில் இரும்பில் ஒரு முட்டு நீட்டிக்கொண்டிருக்கும். கட்டையில் அதற்கென்று வெட்டிய பள்ளத்தில் அது உட்காரும். அதன் பின்முகம் மரத்தில் அழுந்தும் பரப்பு கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, ஒன்றே முக்கால் சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரைஃபிளின் மொத்த எடையில் கட்டையின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஆகவே அதை முடுக்கத் தேவைப்படும் விசையும் மூன்று டன்னில் நான்கில் ஒன்று, அதாவது 700 கிலோவுக்கு மேல். அதை நகப் பரப்பால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 400 கிலோ. இது தோராயக் கணக்குத்தான், துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். ஆனால் அடுத்த எண்ணைப் பக்கத்தில் வைத்தால் விஷயம் விளங்கும். துப்பாக்கிக் கட்டைக்கென்று உலகம் முழுதும் பேர் போன வால்நட் மரம் நன்றாகக் காய்ந்த நிலையில், நார் ஓடும் திசையில் அழுத்தினால், சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 500 கிலோவில் நசுங்கத் தொடங்கும். தேக்கு 550 அளவு தாங்கும், ஈட்டி 600. முட்டின் பின்முகம் முழுதாகப் பொருந்தாமல் ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டால் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். கண நேரச் சுமையை மரம் கூடுதலாகத் தாங்கும் என்பதால்தான் முதல் தோட்டாவிலேயே எல்லாம் நொறுங்கிப் போவதில்லை. ஆனால் எல்லைக்கு இவ்வளவு நெருக்கத்தில் வேலை செய்கிற மரச் சாமான் நம் வீட்டில் வேறு ஒன்றும் கிடையாது.

விறகு பிளந்தவர்களுக்கு மரத்தின் அடிப்படைக் குணம் தெரியும். கோடாலியை நார் ஓட்டத்தில் வைத்தால் இரண்டு அடியில் பிளக்கிறது. குறுக்கே வெட்டினால் கை சலிக்கிறது. நாருக்கு நெடுக்கே அழுத்தினால் தாங்குவதில் ஐந்தில் ஒரு பங்குதான் நார்களை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகரவிடும் விசைக்குத் தாங்கும். நார்களைப் பக்கவாட்டில் பிரித்து இழுக்கும் விசைக்குப் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். துப்பாக்கிக் கட்டையில் இந்தப் பலவீனம் மூன்று இடங்களில் தலைகாட்டும். முட்டுக்குப் பின்னால் தோட்டாப் பெட்டிக்காக மரத்தைக் குடைந்திருப்பார்கள், இடையில் மிஞ்சுவது ஒரு சிறு மரச் சுவர். முட்டு அழுத்த அழுத்த அந்தச் சுவர் நெடுக்கே வழுக்கி உள்ளே போய்விடும். இரண்டாவது இடம் இரும்பின் பின்வால், பிடியின் மேல் மரத்துக்குள் புதைந்து முடியும் இடம். முன்முட்டு கொஞ்சம் நசுங்கி வழிவிட்டதும் உதை முழுவதும் இந்த வாலுக்கு வந்துவிடுகிறது. ஆப்பு வைத்து அடித்தது போல் அது மரத்தைப் பிளக்கும். பழைய பெரிய ரைஃபிள்களில் வாலுக்கு நேர் பின்னே தலைமுடி போல் ஒரு கோடு தெரிந்தால் அதன் காரணம் இதுதான். மூன்றாவது, கை பிடிக்கும் மெல்லிய கழுத்து. அங்கே மரம் கீழ்நோக்கி வளைகிறது. மரத் துண்டை வெட்டியவர் நாரோட்டம் வளைவோடு சேர்ந்து ஓடும்படி பார்த்து வெட்டவில்லை என்றால், நார்கள் கழுத்தின் குறுக்கே நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அப்படிப்பட்ட கழுத்து ஒருநாள் குறுக்கே ஒடியும்.

இரட்டைக்குழல் ரைஃபிள்களில் முன்முட்டு இருக்காது. இரும்புப் பெட்டியின் பின்முகமே மரத்தின் தலையில் முட்டும். அந்த மரத்தலை பூட்டுத் தகடுகளுக்காக உள்ளே குடைந்து குடைந்து மெல்லிய நாக்குகளாகத்தான் மிஞ்சியிருக்கும். லண்டன் கட்டை ஆசாரிகள் இரும்பில் விளக்குப் புகைக் கரியைத் தடவி மரத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். கரி ஒட்டிய இடத்தை மட்டும் இழை இழையாகச் சுரண்டி மறுபடி அழுத்துவார்கள். முகம் முழுவதும் சமமாகக் கரி படியும் வரை இந்த வேலை நடக்கும். சதுர மில்லிமீட்டர் சதுர மில்லிமீட்டராகச் சுமையைப் பரப்பும் பொறியியல் அது. அந்தத் துப்பாக்கிகளின் விலையில் பெரும் பங்கு இந்தப் பொறுமைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

தேக்குக்கு வருவோம். 1906-ல் டேராடூனில் தொடங்கிய வன ஆராய்ச்சி நிலையம் இந்திய மரங்களை ஒப்பிட ஓர் அழகான வழியைக் கண்டது. தேக்குக்கு எல்லாக் குணத்திலும் 100 மதிப்பெண். எடை, வளைவு தாங்கும் வலிமை, கடினம், வடிவம் மாறாமை, அதிர்ச்சி தாங்குதல் என்று ஒவ்வொன்றிலும் மற்ற மரங்களை அதோடு ஒப்பிட்டு எண் போட்டார்கள். வடிவம் மாறாமை என்ற தலைப்பில் தேக்கை மிஞ்சும் மரங்கள் மிகச் சில. கப்பலுக்கும் கதவுக்கும் அது ஏன் அரசன் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. ஆனால் அதிர்ச்சி தாங்குவதில் தேக்கை மிஞ்சும் இந்திய மரங்கள் பல. கோடாலிக் காம்புக்கு நம் ஊரில் யாரும் தேக்கைத் தேடுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தேக்கின் நார் நேராக, நீளமாக ஓடும். பிளவும் அதே சுலபத்தில் ஓடும். அதன் எண்ணெய்ப் பசை பூச்சியை விரட்டும், பதித்த ஆணியைத் துருப்பிடிக்காமல் காக்கும், ஆனால் பசை போட்டு ஒட்டினால் ஒட்டவிடாது. கப்பலின் பலகைக்கு அலையின் சுமை நொடிக்கணக்கில் ஏறி இறங்கும். துப்பாக்கிக் கட்டைக்குச் சுமை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏறுகிறது. ஒரே மரம் இரண்டுக்கும் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பழம்பொருள் கடையின் நூற்றாண்டுத் தேக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல தலைமுறை கூரை ஓட்டின் சூட்டில் கிடந்த மரம் இன்னும் கடினமாகலாம், ஆனால் முறிவுக்கு முன் வளைந்து கொடுக்கும் குணத்தை இழந்திருக்கும். ஆணித் துளைகளும் கண்ணுக்குத் தெரியாத உள்வெடிப்புகளும் இருக்கும். அலமாரிக்கு அது பொன். மூன்று டன் உதைக்கு வேண்டாம்.

ஈட்டி மரத்தின் கதை வேறு. கடினத்தில் அது வால்நட்டைப் போல இரண்டு மடங்கு. ஒரு கட்டை வால்நட்டில் ஒரு கிலோ என்றால் ஈட்டியில் 1.3 கிலோ வரும். கூடுதல் எடை உதையைக் குறைக்கும் என்பதால் பெரிய ரைஃபிளுக்கு அது ஒரு லாபமே. ஆனால் அதன் நார் ஒரு வளையத்தில் வலமாகவும் அடுத்ததில் இடமாகவும் சாய்ந்து ஓடும். மெல்லிய ஓரங்களில் அது சில்லுச் சில்லாகப் பெயரும். அதோடு இன்று நல்ல ஈட்டி கிடைப்பதே அரிது. 2017 முதல் அந்தப் பேரினம் முழுவதும் உலக வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வயநாட்டின் முட்டிலில் ஈட்டி மரங்களை வெட்டிய வழக்கு 2021-ல் கேரளத்தையே உலுக்கியது. எங்கிருந்து வந்தது என்று ஆதாரம் காட்ட முடியாத ஈட்டித் துண்டை யாரும் தொடக்கூடாது.

வால்நட் ஏன் முந்தியது? எந்தத் தனிக் குணத்திலும் அது முதல் இடம் வாங்காது. ஆனால் பிளவு எளிதில் ஓடாது, உளி சொன்னபடி கேட்கும், மெல்லிய ஓரமும் நிற்கும், கைக்குப் பாரமாக இராது. காஷ்மீரத்து வால்நட்டில், அதாவது அக்ரூட் மரத்தில்தான் கொல்கத்தாவுக்குப் பக்கத்து இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையும் தொடங்கியது. பின்னால் நல்ல மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது அங்கே ஒரு வேலை செய்தார்கள். முன்கட்டையைப் பக்கத்துக்குப் பக்கம் ஊடுருவி ஒரு திருகாணியை இறுக்கினார்கள், மரம் பிளக்காமல் இருக்க. உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இஷாப்பூர் ரைஃபிளை அடையாளம் காண்பது இன்று அந்தத் திருகாணியை வைத்துத்தான். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலைக்கும் அதே நெருக்கடி வந்தது. உள்ளூர் மரத்தில் கட்டை செய்ய வேண்டிய நிலையில், இரும்பு முட்டும் இடங்களில் செம்புத் தகடுகளைப் பதித்தார்கள். மரத்தின் மேல் விழும் சுமையைப் பெரிய பரப்புக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். 1956-ல் .458 மேக்னத்தைக் கொண்டுவந்த வின்செஸ்டரும் தன் யானைத் துப்பாக்கிக்குக் குழலின் அடியில் இரண்டாவது முட்டையும் கட்டைக்குக் குறுக்கே இரும்புத் தண்டுகளையும் வைத்தது. மூன்று கண்டங்களில் மூன்று தொழிற்சாலைகள், ஒரே விடை. மரத்தின் பெயரைவிட, சுமையை எவ்வளவு பரப்பில் கொடுக்கிறோம் என்பதே கட்டையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். மட்டாஞ்சேரிக்கு வந்தால் கணக்கில் தண்ணீர் சேர்கிறது.

மரம் செத்த பிறகும் மூச்சு விடுவதை நிறுத்துவதில்லை. அதன் செல் சுவர்கள் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தால் மரம் தன் எடையில் சுமார் 12 சதவீதம் தண்ணீரோடு சமநிலைக்கு வரும். 85 சதவீதக் காற்றில் அது 17, 18 சதவீதத்துக்கு ஏறும், 90-ல் 20-ஐத் தொடும். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. ஜனவரியில் காற்று ஓரளவு உலர்ந்திருக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சராசரி ஈரப்பதம் 85 அளவில் இருக்கும். மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளில் வியாபாரிகள் மழைக்காலம் முழுவதும் எதற்காகக் கவலைப்படுகிறார்களோ, அதே ஈரம் அலமாரிக்குள் இருக்கும் கட்டைக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது.

ஈரம் ஏறினால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, மரம் மென்மையாகும். ஈரம் ஒரு சதவீதம் ஏறும்போது நார்த்திசை வலிமை நான்கு முதல் ஆறு சதவீதம் குறையும் என்பது மர அறிவியலின் பொது விதி. 12-லிருந்து 18-க்குப் போன வால்நட்டின் 500 கிலோ 375-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நாம் போட்ட முட்டின் அழுத்தக் கணக்கு 400. ஜனவரியில் பாதுகாப்பாக இருந்த கட்டை ஜூலையில் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் முட்டின் பள்ளம் மயிரிழை அளவு நீளும். ஒருநாள் வால் மரத்தைப் பிளக்கும். துப்பாக்கி பழையதாகிவிட்டது என்பார்கள். உண்மையில் அது ஈரத்தில் நசுங்கியது.

இரண்டாவது, மரம் பருக்கும். நெடுக்கே மரம் அசைவதே இல்லை என்று சொல்லலாம். குறுக்கேதான் அசைகிறது, அதுவும் வளைய வட்டத்தின் திசையில் அதிகம், மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் குறைவு. பச்சை மரம் முழுதும் காயும்போது வால்நட் வட்டத் திசையில் 7.5 சதவீதம் சுருங்கும், மையத் திசையில் 5.5. தேக்கு 5.3, 2.6. ஈட்டி 5.8, 2.7. மொத்த அசைவில் தேக்குதான் நல்லது, சந்தேகமில்லை. ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள வால்நட் கட்டை ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையில் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் பருக்கும், தேக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம். ஆனால் கட்டையைக் கோணலாக்குவது மொத்த அசைவைவிட இரண்டு திசை அசைவுகளுக்கும் இடையிலான விகிதம். வால்நட்டில் அது 1.4, தேக்கிலும் ஈட்டியிலும் இரண்டு. வால்நட் அதிகம் பருக்கும், ஆனால் ஏறக்குறைய சமமாகப் பருக்கும். அதனால் முறுக்கிக்கொள்வது குறைவு. துப்பாக்கி ஆசாரிகள் எண்களை அறியாமலே இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

முக்கால் மில்லிமீட்டர் என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். மழையில் மரம் பருத்துத் திருகாணிகளின் கீழ் அழுத்தப்பட்டு நசுங்கும். கோடையில் சுருங்கியதும் திருகாணிகள் தளர்ந்திருக்கும். இரும்பும் மரமும் அப்போது ஒன்றாக நகரா. இரும்பு முதலில் ஓடி, பிறகு மரத்தில் மோதும். அழுத்தம் சுத்தியல் அடியாக மாறும். பெரிய ரைஃபிள் வைத்திருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் திருகாணிகளைச் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எண்ணெய் பூசினால் ஈரம் ஏறாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அமெரிக்காவின் மாடிசன் நகரில் 1910 முதல் இயங்கும் வனப்பொருள் ஆய்வகம் பூச்சுகளை வரிசையாகச் சோதித்தது. ஆளி விதை எண்ணெய் கண்ணுக்கு அழகு, ஆனால் நீராவியைத் தடுப்பதில் அது கிட்டத்தட்ட இல்லாததற்குச் சமம். இரண்டு பொருள் கலந்து பூசும் எபாக்ஸியும் பாலியூரிதேனும் பல பூச்சு பூசினால் ஈரம் ஏறும் வேகத்தை நன்றாகக் குறைக்கும். வேகத்தைத்தான் குறைக்கும். நான்கு மாத மழைக்கு முன் எந்தப் பூச்சும் கதவை முழுதாக மூடுவதில்லை. அதுவும் கட்டையின் வெளிமுகத்தைப் பளபளப்பாக்கிவிட்டு, உள்ளே குடைந்த பள்ளத்தையும் தோளில் படும் பின்முனையையும் வெறும் மரமாகவே விட்டால் பயனில்லை. நாரின் வெட்டுமுகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை உறிஞ்சும்.

கடற்காற்றில் உப்பும் இருக்கிறது. உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும், திருகாணிகளைத் துருவாக்கும். துரு மரத்தின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து சுற்றியுள்ள நார்களைக் கறுப்பாக்கி உளுத்துப்போகச் செய்யும். இதைவிட அதிகக் கெடுதல் செய்வது அக்கறையுள்ள கைகள்தான். துருவுக்குப் பயந்து மாதா மாதம் எண்ணெய் ஊற்றி, குழல் மேலே பார்க்கும்படி அலமாரியில் நிறுத்துகிறார்கள். எண்ணெய் மெல்லக் கீழே இறங்கி, உதை விழுகிற அந்த மரத்தலையிலேயே ஊறுகிறது. பல ஆண்டு எண்ணெய் குடித்த மரம் விரல் நகத்தால் கீறினால் பள்ளம் விழும் அளவுக்குப் பஞ்சாகிவிடும். பசையும் அதில் ஒட்டாது. எண்ணெயைக் குறைவாகப் போடுங்கள். குழல் கீழே பார்க்கும்படி நிறுத்துங்கள். துணி உறையிலும் தோல் உறையிலும் மூடி வைக்காதீர்கள், அவை ஈரத்தைத் தேக்கும்.

அப்படியானால் கொச்சியில் எதில்தான் கட்டை போடுவது? மரத்தின் குறுக்கசைவை அடக்க முதலில் வந்த வழி, மெல்லிய தகடுகளாகச் சீவி, பிசினில் ஒட்டி, அழுத்திச் சேர்ப்பது. ஜெர்மனியின் மவுசர் ராணுவ ரைஃபிள்களுக்கு 1930-களின் பிற்பகுதியில் பீச் மரத் தகடுகளில் இப்படிக் கட்டை செய்தார்கள். சோவியத் நாட்டின் ஏகேஎம் துப்பாக்கிக்குப் பிர்ச் மரத் தகடுகள். ஒரு தகட்டின் கோணல் அடுத்த தகட்டால் அடங்கிவிடும், ஒரு தகட்டின் பிளவு பிசின் கோட்டில் நின்றுவிடும். பெரிய ரைஃபிளுக்கு இது மிக நல்ல தேர்வு. எடை கொஞ்சம் கூடும், அதுவும் நல்லதற்கே. ஈரம் இதற்குள்ளும் ஏறும், ஆனால் வடிவம் கலையாது.

அடுத்தது கண்ணாடி இழை. வியட்நாம் போரில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் தூரக் குறிக்கு வைத்திருந்த எம்40 ரைஃபிளின் வால்நட் கட்டை அந்த நாட்டு ஈரத்தில் பருத்துக் கோணிக் குழலைத் தொட்டது. குறி ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறியது. 1970-களில் எம்40ஏ1 வந்தபோது மரத்தை விட்டுவிட்டு ஃபைபர் கிளாஸ் கட்டைக்குப் போனார்கள். கொச்சியின் காற்று வியட்நாமின் காற்றுக்குச் சளைத்ததல்ல. எபாக்ஸியில் ஊறிய கண்ணாடித் துணி அடுக்குகள் மழைக்காலம் முழுவதும் குடிக்கும் தண்ணீர் மரம் குடிப்பதில் ஒரு சிறு பங்கு. நார்களை வேண்டிய திசையில் வேண்டிய அளவு வைத்துக்கொள்ளலாம். முட்டின் பின்னே கூடுதல் அடுக்கு, கழுத்தில் சாய்வாக அடுக்கு. மரம் நமக்குத் தராத சுதந்திரம் அது.

இதில் ஒரு எச்சரிக்கை. கடைகளில் சிந்தெடிக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன. அச்சில் உருக்கி ஊற்றிய பிளாஸ்டிக் கட்டை ஈரத்துக்கு அசையாது, ஆனால் வெயிலில் நின்ற காரில் வைத்தால் இளகும், திருகாணியை இறுக்க இறுக்க அடங்கிப் போகும். உதை குறைந்த .315 ரைஃபிளுக்கு அது போதும். .375-க்கும் .458-க்கும் கையால் அடுக்கிய ஃபைபர் கிளாஸே வேண்டும், திருகாணி போகும் இடங்களில் அலுமினியக் குழாய்த் தூண்கள் வைத்தது.

இந்தக் கைவேலை கொச்சிக்குப் புதிதல்ல. 1957-ல் இங்கே தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், நல்ல மரம் கிடைக்காமல் தவித்த மீனவர்களுக்காக, மலிவான ரப்பர் மரத்துக்கு மருந்தேற்றி, மேலே ஃபைபர் கிளாஸ் போர்த்திய வள்ளங்களை வடிவமைத்தது. செல்லும் கடற்புழுவும் தின்னும் மரம், உரிய பாதுகாப்போடு உப்பங்கழியில் நின்று உழைத்தது. ஆஞ்சிலி மரத்துக்கும் தேக்குக்கும் மாற்று என்னவென்று தேடியவர்கள், உயர்ந்த மரத்தைத் தேடுவதை விட்டு, மரத்தையும் தண்ணீரையும் பிரிக்கும் வழியைத் தேடினார்கள். துப்பாக்கிக் கட்டைக்கும் அந்த அறிவு அப்படியே பொருந்தும்.

பழைய வால்நட்டையே வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கும் வழி உண்டு. எண்ணெய் ஊறிய மரத்தைச் சுத்தம் செய்து, முட்டின் பின்பக்கம் இரும்புப் பொடி கலந்த எபாக்ஸியை ஊற்றி, இரும்பை அதன் மேலேயே உட்காரவைத்து இறுகவிட வேண்டும். லண்டன் ஆசாரி பல நாள் கரி தடவிச் சாதித்த முழுப் பொருத்தம் ஒரே இரவில் கிடைக்கும், அந்த எபாக்ஸி ஈரத்தில் பருக்கவும் செய்யாது. பின்வாலைச் சுற்றி மட்டும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், அது மரத்தைத் தொடவே கூடாது. முட்டுக்குப் பின்னும் பெட்டிக்குப் பின்னும் இரண்டு குறுக்குத் தண்டுகள் போட்டால், வெடிப்பு விட்ட கட்டையும் நீண்ட காலம் உழைக்கும்.

இந்த வேலை எதையும் பக்கத்துத் தச்சரிடம் கொடுக்காதீர்கள். 1959-ன் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஆயுத வணிகர் மூலமாகவே, காகிதத்தோடு செய்யுங்கள்.

என் தீர்ப்பு இது. திருப்பூணித்துறை ஹில் பேலஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது போன்ற, இனிச் சுடப்போகாத துப்பாக்கிக்கு அதன் பழைய மரமே உரியது. வெடிப்பை ஒட்டி, ஈரத்தை அடக்கி, அதைக் காப்பாற்றுங்கள். கழற்றினாலும் தூக்கி எறியாதீர்கள், அதில் ஒரு கைவினைஞனின் பல மாத வேலை இருக்கிறது. மட்டாஞ்சேரியிலோ கேரளக் கடற்கரையில் வேறெங்குமோ இன்னும் சுடப்போகிற பெரிய ரைஃபிளுக்கு, கையால் அடுக்கிய ஃபைபர் கிளாஸ் முதல் தேர்வு, தகடுகள் ஒட்டிய மரம் இரண்டாவது, குறுக்குத் தண்டும் எபாக்ஸிப் படுகையும் போட்ட வால்நட் மூன்றாவது. எதைப் போட்டாலும் செப்டம்பர் முடிந்ததும் திருகாணிகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.